ஐம்பது போஸ்டரும் ஒரு வாளிப் பசையும்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குள் உணவகத்தின் தொலைபேசி ஏழு தடவை அடித்துவிட்டது. ஷெஃப் ஒவ்வொரு தடவையும் எடுத்து, குரலைத் தாழ்த்தி மன்னிப்புக் கேட்டு வைத்தார். நான் குசினியில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். யாரோ செத்துவிட்டார்கள், ஷெஃப்பிடம் துக்கம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்தேன். எட்டாவது தடவை அடித்தபோது அவர் எடுக்கவில்லை. குசினிக்குள் வந்து என் முன்னால் நின்று, மிக மெதுவாகக் கேட்டார்.

"சவக்காலை மதிலிலையுமோ?"

"ஓம் ஷெஃப். ஆனா வெளிப்பக்கம் மட்டும்தான்."

அவர் பேர்ண் ஜேர்மனில் கேட்டார். நான் கையாலும் தலையாலும் பாதி ஜேர்மனாலும் பதில் சொன்னேன். இங்கே எல்லாரையும் எங்கள் தமிழிலேயே பேசவிடுகிறேன். நான் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் சுவிஸ் குசினிகளில் வேலை செய்து, சமையல்காரனாக ஓய்வு பெற்றேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சுவிஸ்காரர் கோபம் வந்தால் கத்தமாட்டார், வேகத்தைக் குறைப்பார். அன்று ஷெஃப் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் ஒரு கிழங்கு உரிக்கலாம்போலப் பேசினார்.

இப்போது எங்கள் பிள்ளைகளே இங்கே ஊர்ச்சபைத் தேர்தலில் நிற்கிறார்கள். சிரித்த முகத்தோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். சுவிஸ் தேர்தலில் முதன்முதலாக வேலை செய்த தமிழர்களில் நானும் ஒருவன் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதனால் இதை எழுதுகிறேன்.

அனுபவசாலி

எண்பதுகளின் நடுப்பகுதி. பீல் நகரத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில் ஒரு ஊர். ஒரு தேவாலயம், ஒரு மரவாடி, ஒரு பாற்கட்டித் தொழிற்சாலை, ஒரு உணவகம். உணவகத்தின் முதலாளி ஹெர் மோசர். இங்கே முதலாளியை ஷெஃப் என்றுதான் கூப்பிடுவது. நான் அவரிடம் சட்டிபானை கழுவி, மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். அகதி விண்ணப்பம் பேர்ணில் ஏதோ ஒரு அலுமாரியில் கிடந்தது. வேலை செய்யும் அனுமதியை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஷெஃப்பின் கடிதம் வேண்டும். இந்தக் கதை நடந்த மாதக் கடைசியோடு என் அனுமதி முடிகிறது. கடிதம் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் திரும்பவும் அகதி முகாம், எட்டுப் பேருக்கு ஒரு அறை.

அந்த இலையுதிர்காலத்தில் ஷெஃப் ஊர்ச்சபைத் தேர்தலில் நின்றார். ஏழு இடங்கள். ஞாயிற்றுக்கிழமை வாக்களிப்பு. அதற்கு எட்டு நாள் முந்திய சனிக்கிழமை போஸ்டர் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கழுத்துப்பட்டி கட்டிய ஷெஃப் போஸ்டரில் சிரித்துக்கொண்டிருந்தார். நேரில் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. படத்துக்குக் கீழே இரண்டு வரி, பெரிய எழுத்தில். எனக்கு அப்போது ஜேர்மனில் வாசிக்க வந்தது "உப்பு", "மிளகு", "வெளியே" என்பவைதான்.

"உனக்கு இந்த வேலை தெரியுமோ?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் பட்டினசபைத் தேர்தலில் மூன்று வட்டாரத்துக்குப் போஸ்டர் ஒட்டியவன் நான். காலையில் எழும்பி வருகிற சனம் எங்கள் வேட்பாளரின் முகத்தைப் பார்க்காமல் பல்லுத் தீட்டவும் முடியாது. அதில் எனக்கு ஒரு பெயரே இருந்தது.

"தெரியும் ஷெஃப். நல்ல அனுபவம்."

"அப்ப நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை," என்றார். அந்த ஒரு வசனத்துக்காக அவர் பிறகு வாழ்நாள் முழுக்க வருந்தினார்.

அவர் நினைத்தது இதுதான்: ஊரில் கெமைண்ட, அதாவது ஊர்ச்சபை அலுவலகம், ஆறு மரப்பலகை நட்டிருக்கிறது. ஒவ்வொரு கட்சிக்கும் ஒவ்வொரு பலகையிலும் எண் போட்ட ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஒன்று, மொத்தம் ஆறு. நாலு ஊசியால் குத்திவிட்டு வந்தால் வேலை முடிந்தது. மீதி நாற்பத்து நான்கும் ஏன் என்றால், அச்சகத்தில் ஐம்பதுக்குக் குறைய அடிக்கமாட்டார்களாம்.

நான் நினைத்தது வேறு. ஐம்பது போஸ்டர் தந்திருக்கிறார், ஒன்றும் வீணாகக்கூடாது.

திங்கட்கிழமை உணவகத்துக்கு ஓய்வுநாள். பீலில் வேறொரு உணவகத்தில் வேலை செய்த என் நண்பன் குணத்துக்கும் அன்றுதான் ஓய்வு. அவனை வரச் சொன்னேன். குசினியில் கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். வெள்ளை சோஸ் கட்டிபடாமல் கிண்டப் பழகியிருந்த காலம் அது; அந்தக் கைப்பக்குவம் முழுவதையும் பசையில் காட்டினேன். ஊரில் காய்ச்சிய எந்தப் பசையும் இதற்குக் கிட்ட வராது.

விடிந்த கையோடு தொடங்கினோம். பஸ் தரிப்பிடம், மரவாடிச் சுவர், பாற்கட்டித் தொழிற்சாலைக் கதவு, தண்ணீர்த் தொட்டியின் நாலு பக்கம், கெமைண்ட அறிவித்தல் பெட்டியின் கண்ணாடி. மரப்பலகைகளில் மற்றவர்களின் போஸ்டர்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றின் மேலே ஒட்டினோம். ஊரில் அதற்குத்தானே போஸ்டர் ஒட்டுவது.

சவக்காலை மதிலடியில் குணம் கொஞ்சம் தயங்கினான்.

"டேய், இதிலை ஆர் பாக்கப் போயினம்?"

"ஏன், எங்கடை ஊரிலை செத்த ஆக்களும் வோட்டுப் போடுறவைதானே. ஒட்டு."

வழியில் கண்ட சனமெல்லாம் நின்று பார்த்தது. எல்லாரும் எங்களுக்கு வணக்கம் சொன்னார்கள். ஒருவர்கூடத் தடுக்கவில்லை. "சனம் எங்கடை பக்கம்தான்," என்றேன் குணத்திடம். வணக்கம் சொல்லிவிட்டு எல்லாரும் நேரே வீட்டுக்குப் போய் எங்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்பது அடுத்த நாள் தொலைபேசி அடிக்கும்போதுதான் தெரிந்தது.

வாசிப்புப் பாடம்

"சனிக்கிழமைக்கு முதல் எல்லாம் கழற்ற வேணும்," என்றார் ஷெஃப். "பலகையிலை இருக்கிற ஆறைத் தவிர. நான் தோத்தன் எண்டால், உனக்குக் கடிதமும் இல்லை, வேலையும் இல்லை. விளங்குதோ?"

மிக நன்றாக விளங்கியது.

புதன்கிழமை மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடைப்பட்ட ஓய்வில் எங்களுக்கு ஜேர்மன் வகுப்பு. தேவாலய மண்டபத்தில் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் காசு வாங்காமல் நடத்தினார். சுற்றுவட்டாரக் குசினிகளில் வேலை செய்கிற தமிழ்ப் பெடியள் பத்துப் பேர் வருவோம். அவரை ரீச்சர் என்றே கூப்பிட்டோம். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அன்று ரீச்சர் புத்தகம் கொண்டுவரவில்லை. ஒரு தடித்த மட்டையைக் கொண்டுவந்து கரும்பலகையில் சாய்த்து வைத்தார். மட்டையில் ஷெஃப் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் கடதாசி கிழிந்து, அடியில் இன்னொரு போஸ்டரின் எழுத்துத் தெரிந்தது.

"இண்டைக்கு ஊரிலை இருக்கிறதை வாசிப்பம்," என்றவர், என்னைக் காட்டி, "நீங்கள் தொடங்குங்கோ," என்றார்.

எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் பொருள் சொன்னார், உச்சரிப்பைத் திருத்தினார். கால்மணி நேரத்தில் இரண்டு வரியும் முடிந்தன.

ஊரில் ஒழுங்கு வேண்டும். இனியும் அகதிகள் வேண்டாம்.

"அகதி எண்டால் ஆர்?" என்று ரீச்சர் வகுப்பைக் கேட்டார். விடை தெரிந்த சந்தோசத்தில் குணம் கையை உயர்த்தினான். உயர்த்திய கை பாதியில் அப்படியே நின்றது.

நான் கதிரையில் உட்கார்ந்தேன். காது சுட்டது. ஐம்பது இடத்தில் ஒட்டியிருக்கிறேன். கட்டிபடாத பசையில், ஒரு சுருக்கம் விழாமல், என்னை வரவேண்டாம் என்று நானே ஒட்டியிருக்கிறேன். வெட்கமா, ஆத்திரமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"கீழை இருக்கிற போஸ்டர் ஆரின்ரை, ரீச்சர்?" என்று குணம் மெல்லக் கேட்டான்.

"என்ரை," என்றார். அவரும் அதே தேர்தலில் நிற்கிறாராம். அந்த ஊர்ச்சபைக்கு நிற்கிற முதல் பெண். படம் போடவில்லை, பெயரும் பட்டியல் எண்ணும் மட்டும். "ரெண்டையும் பிரிச்சுப் பாத்தன், ஏலாமப் போச்சு. ஆர் ஒட்டினது?"

வகுப்பு முழுவதும் கூரையைப் பார்த்தது. நான் கையை உயர்த்தினேன்.

ரீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போஸ்டரைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "நல்லா ஒட்டியிருக்கிறீங்கள்," என்றார். "நான் ஒருத்தரிட்டையும் முறைப்பாடு சொல்லேல்லை. மற்றச் சனம் சொல்லியிருக்கு."

பிறகு மிச்ச நேரத்தில் இந்த நாட்டு வாக்குச்சீட்டைப் பற்றிச் சொல்லித் தந்தார். ஒரு கட்சியின் பட்டியலை எடுத்து, பிடிக்காத பெயரைப் பேனாவால் வெட்டலாமாம். அந்த இடத்தில் வேறு கட்சிக்காரரின் பெயரைக் கையால் எழுதலாமாம். சொந்தக் கட்சிக்காரனையே வெட்டுவதற்குச் சட்டத்தில் இடம் வைத்திருக்கிற நாடு! எங்கள் ஊரில் அதற்குச் சட்டம் தேவைப்படவில்லை என்று சொல்ல நினைத்தேன், ஜேர்மன் காணவில்லை.

அன்று இரவுச் சமையலுக்கு முன் ஷெஃப்பிடம் போனேன்.

"ஷெஃப், அதிலை என்ன எழுதியிருக்கெண்டு எனக்கு இப்ப தெரியும்."

அவர் கத்தி தீட்டுவதை நிறுத்தவில்லை. "அது உன்னைப் பற்றி இல்லை."

"பின்னை ஆரைப் பற்றி?"

"மற்றாக்களைப் பற்றி. நீ வேலை செய்யிறாய். நீ இங்கை இருக்கிறாய். அது இனி வாற ஆக்களைப் பற்றி."

அவர் அதை முழு நம்பிக்கையோடு சொன்னார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அதுதான் எனக்கு இன்னும் கூடக் கோபத்தைத் தந்தது. ஆனாலும் கடிதத்தை நினைத்தேன். வாளியை எடுத்துச் சுடுதண்ணீர் பிடித்தேன்.

சுரண்டுதல்

றோஸ்ரி, அதாவது துருவிய கிழங்கு ரொட்டி, புரட்டுகிற இரும்புக் கரண்டிதான் ஆயுதம். சுடுதண்ணீர் ஊற்றி, ஊறவிட்டு, சுரண்ட வேண்டும். குளிரில் தண்ணீர் சுவரில் படுமுன்னே ஆறிவிடும். ஷெஃப்பின் நெற்றி போகும், கண் போகாது. சிரிப்பு மட்டும் கடைசிவரை ஒட்டியிருக்கும். கெட்டிக்காரத்தனமாக வேலை செய்வதில் உள்ள ஆபத்தை அன்றுதான் அனுபவித்தேன்.

வியாழக்கிழமை மரவாடிச் சுவரில் பாதிப் போஸ்டரைக் கிழித்துக்கொண்டு நின்றபோது ஊர்ப் பொலிஸ்காரர் வந்தார். முதலில் வணக்கம் சொன்னார். பிறகு அடையாள அட்டையைக் கேட்டார். ஒட்டும்போது ஐம்பது இடத்தில் ஒருவரும் மறிக்கவில்லை. கிழிக்கிறேன் என்றதும் பொலிஸ் வந்துவிட்டது.

"தேர்தல் போஸ்டரைக் கிழிக்கிறது குற்றம். நீங்கள் கிழிக்கிறதிலை என்ன எழுதியிருக்கெண்டாவது உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். ஆனால் நேற்றுத்தான் படித்த பாடம். எனக்கு ஒரு உற்சாகம் வந்துவிட்டது. நிமிர்ந்து நின்று இரண்டு வரியையும் ஒரு உச்சரிப்புப் பிழை இல்லாமல் வாசித்துக் காட்டினேன்.

பொலிஸ்காரர் என் முகத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், கிழிந்த போஸ்டரைப் பார்த்தார். குற்றமும் காரணமும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்ட திருப்தி அவருக்கு.

"ஷெஃப் சொன்னவர்," என்றேன். "நான் அவரின்ரை ஆள்."

"அப்ப அவரையே கேப்பம்," என்றார்.

வழமைக்காரரின் மேசை

சுவிஸ் உணவகத்தில் ஒரு மேசை எப்போதும் வழமைக்காரருக்கு. ஷ்டாம்டிஷ் என்பார்கள். வேறு யாரும் அதில் இருக்கக்கூடாது. அன்று மாலை அதில் மரவாடிக்காரர், ஷெஃப்பின் கட்சித் தலைவரான, வயலும் மாடும் நிறைய உள்ள ஒரு பெரிய கமக்காரர், இன்னும் நாலைந்து பேர். குசினி வாசலைத் தவிர வேறு வாசலால் நான் அந்த உணவகத்துக்குள் போனதில்லை. பொலிஸ்காரர் என்னை முன்வாசலால் கூட்டிக்கொண்டு போனார். கையில் வாளி, கரண்டி. ஈரமான சப்பாத்து.

ஷெஃப் தட்டில் பியர் கிளாஸ்களோடு வந்துகொண்டிருந்தார்.

"இவர் உங்கடை போஸ்டரைக் கிழிச்சவர்," என்றார் பொலிஸ்காரர். "உங்கடை ஆள் எண்டு சொல்லுறார். உண்மையோ?"

கட்சித் தலைவர் சிரித்தார். "அகதியைக் கொண்டோ நீ போஸ்டர் ஒட்டுவிப்பாய்? பலகையிலை இருந்த எல்லாரையும் மூடி ஒட்டினது எதிராளியளின்ரை வேலைதான். எங்களை அவமானப்படுத்த ஆரோ இவனைப் பிடிச்சிருக்கினம். அப்பிடித்தானே?"

வழியை அவரே திறந்துவிட்டார். ஷெஃப் "அப்பிடித்தான்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். போஸ்டர் அவமானம் முழுக்க எதிர்க்கட்சித் தலையில் விழும்; அவருக்கு வாக்குக் கூடும். நான் பொலிசோடு போவேன். என் அலுமாரிக் கோவையில் ஒரு குற்றம் ஏறும். அதன் பிறகு கடிதத்துக்கும் அர்த்தமில்லை. ஷெஃப் அதை யோசிப்பது அவர் முகத்தில் தெரிந்தது. நான் வாளியை மற்றக் கைக்கு மாற்றினேன்.

அவர் கிளாஸ்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். ஒன்றின் கீழ் மட்டை சரியாக வைக்கப்படவில்லை, அதைத் திருத்தினார்.

"என்ரை ஆள்தான்," என்றார். "ஒட்டச் சொன்னதும் நான், கழற்றச் சொன்னதும் நான்."

மரவாடிக்காரர் தன் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: "உன்ரை குசினியிலை இவையள் எத்தினை பேர்?"

"மூண்டு பேர். போன வரியத்திலை இருந்து நீ விரும்பிச் சாப்பிடுற சோஸ், இவன் கிண்டுறது." பிறகு பொலிஸ்காரரிடம் திரும்பி, "நீங்கள் இவனைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனா இண்டைக்கு ஒருத்தருக்கும் றோஸ்ரி இல்லை," என்றார்.

பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டு மேசையில் இருந்தார். அவருக்கும் பசி.

அந்த நிமிடத்தில் எனக்கு ஷெஃப் மேல் அன்பு வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று அன்றுதான் கண்டேன். குசினிக்குள் போய் கரண்டியை மூன்று தடவை கழுவிவிட்டு, அதே கரண்டியால் றோஸ்ரி புரட்டினேன்.

ஞாயிறும் அதற்குப் பிறகும்

வாக்குகளைப் பள்ளிக்கூடத்தில் எண்ணினார்கள். எண்ணுகிறவர்களுக்குச் சூப் எங்கள் உணவகத்திலிருந்து போவது வழமை. நான்தான் பானையைக் கொண்டுபோனேன். வாசலில் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தத் தேர்தலில் என் கடைசிப் பங்களிப்பு அது.

மாலையில் முடிவு வந்தது. ஷெஃப்பின் சொந்தக் கட்சிக்காரரில் பலர் அவர் பெயரைப் பேனாவால் வெட்டியிருந்தார்கள், அகதிகளை வேலைக்கு வைத்திருக்கிறார் என்பதற்காக. ஆனால் ரீச்சரின் பட்டியலை எடுத்தவர்களில் சிலர் அதில் ஷெஃப்பின் பெயரைக் கையால் எழுதியிருந்தார்கள், உண்மையை ஒப்புக்கொண்டார் என்பதற்காக. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஏழாவது இடம், கடைசி இடம், ஷெஃப்புக்கு. ரீச்சர் நாலாவதாக வந்தார். "அகதிகள் வேண்டாம்" என்று கேட்ட மனிதரை, அகதிகள் வேண்டும் என்றவர்கள் தெரிவு செய்து அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை, ஓய்வுநாளிலும் வந்து, ஷெஃப் என் கடிதத்தை எழுதினார். "வேலையில் அளவுக்கு மீறிய ஈடுபாடு உள்ளவர்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

புத்தாண்டுக்குப் பிறகு ஊர்ச்சபையில் பொறுப்புகளைப் பிரித்தார்கள். முன்னால் வந்தவர்கள் முதலில் தெரிவு செய்வார்களாம். ரீச்சர் பள்ளிக்கூடத்தை எடுத்தார். ஒருவர் வீதியை, ஒருவர் காட்டை, ஒருவர் தண்ணீரை. கடைசியாக வந்தவருக்கு, ஒருவரும் தொடாமல் மிஞ்சிய பொறுப்பு. அது சமூக உதவி. அகதிகளும் அதற்குள்தான்.

அந்த மாசியில் பேர்ணிலிருந்து கடிதம் வந்தது: உங்கள் ஊருக்கு மூன்று பேரை அனுப்புகிறோம், பொறுப்பானவர் வந்து ஏற்றுக்கொள்ளவும். ஷெஃப் என்னை மொழிபெயர்ப்புக்குக் கூட்டிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்குப் போனார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று பெடியள் இறங்கினார்கள். மெல்லிய சப்பாத்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் பை. ஷெஃப் சொன்ன அந்த மற்றாக்கள் இவர்கள்தான். ஷெஃப் அவர்களுடைய சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூவரில் இளையவன் ஷெஃப்பைப் பார்த்தான், பிறகு பின்னால் சுவரைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

தரிப்பிடத்தின் உட்சுவரில் ஒரு போஸ்டர் மட்டும் கழலவேயில்லை. நான் எவ்வளவோ பாடுபட்டுப் பார்த்தேன். ஷெஃப் அதில் முழுதாகச் சிரித்துக்கொண்டிருந்தார், கீழே அந்த இரண்டு வரியோடு.

"அண்ணை, படத்திலை இருக்கிறவர் இந்த ஐயாதானே? எங்களுக்காகவோ ஒட்டியிருக்கினம்?" என்று கேட்டான். "என்ன எழுதியிருக்கு?"

"என்ன கேக்கிறான்?" என்றார் ஷெஃப்.

"என்ன எழுதியிருக்கெண்டு கேக்கிறான்."

ஷெஃப்பின் முகம் கழுத்துவரை சிவந்தது. போஸ்டருக்குக் கிட்டப் போய் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பப் பார்த்தார். அசையவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த கம்பளிச் சால்வையைக் கழற்றி, அந்த இளையவனின் கழுத்தில் சுற்றிவிட்டு, அவனுடைய பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

தேர்தலில் நிற்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடிய பாடம் இவ்வளவுதான். போஸ்டரை ஒட்டுமுன் வாசியுங்கள். அது யாரைப் பற்றியது என்று கேளுங்கள். மற்றாக்களைப் பற்றியது என்று பதில் வந்தால், பசையைக் கொஞ்சம் தண்ணியாகக் காய்ச்சுங்கள்.

தரிப்பிடத்தில் அந்தப் பெடியன் இன்னும் என் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றான்.

"வாங்கோ எண்டு எழுதியிருக்கு," என்றேன்.